கூலிக்கு மருந்தடிக்கிற தம்பிக்கு நடுக்கம்: உடுப்பு, கிணறு, சாப்பாடு பற்றிக் கேட்கிறேன்

கோப்பாய்அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 26 வயது. சொந்தத் தறை இல்லை. யாழ்ப்பாணத்தில் கோப்பாய், இருபாலை, நீர்வேலிப் பக்கம் யார் கூப்பிட்டாலும் மெசினைத் தோளில் போட்டுக்கொண்டு பூச்சிமருந்து அடிக்கப் போவான். முந்திரிகைப் (திராட்சை) பந்தல், கோவா (முட்டைக்கோஸ்), கத்தரி, வெங்காயம் எல்லாவற்றுக்கும் அவன்தான். டாங்கிக் கணக்கில் காசு. அதனால் வெயில் ஏறுவதற்குள் எத்தனை டாங்கி முடிக்கலாம் என்பதுதான் அவனுடைய யோசனை.

போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிபோல வீட்டுக்கு வந்தான். கோவாத் தோட்டம் ஒன்றுக்கு அடித்துவிட்டு வந்தவன் முற்றத்து வேம்புக்குக் கீழே குந்தினான், பிறகு எழும்பவில்லை. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. துப்பத் துப்ப முடியவில்லை. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. "அக்கா, கண் மங்கலா இருக்கு" என்றான். கிட்டப் போய்ப் பார்த்தால் கண்மணி இரண்டும் கடுகளவாகச் சுருங்கியிருந்தன. புயத்துத் தசை தானாகத் துடித்தது. நான் பயந்து 1990க்கு அடித்தேன். அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. வைத்தியசாலையில் ஊசி ஏற்றி இரண்டு நாள் வாட்டில் மறித்து வைத்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறான். தலையிடியும் சோர்வும் இன்னும் விடவில்லை. ஆனால் வருகிற திங்கட்கிழமை ஒரு முந்திரிகைப் பந்தலுக்கு அடிக்க வருவதாகச் சொல்லியிருக்கிறானாம்.

வாட்டில் இருக்கும்போதுதான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். டாங்கி மூடியின் வாசர் போய் மாதக்கணக்கு. அதற்கு ஒரு சொப்பிங் பையைச் சுற்றித்தான் மூடுகிறான். குனியும் நேரமெல்லாம் முதுகு வழியாக ஒழுகிச் சாரம் நனைந்துவிடும். அன்றைக்கு மருந்து பீச்சுகிற நுனிப் பூட்டு அடைத்திருக்கிறது. கழற்றி வாயை வைத்து ஊதியிருக்கிறான். எப்போதும் அப்படித்தானாம்.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, அவன் எப்போது திரும்ப வேலைக்குப் போகலாம்? இரண்டு, அவனுடைய உடுப்பை நான் பிள்ளைகளின் உடுப்போடு ஒன்றாகத்தான் ஊறப்போட்டுத் தோய்த்தேன், மெசினையும் கிணற்றடியில்தான் கழுவுவான். டெங்குக் காலத்தில் தொட்டிக்குள் விட்ட கப்பி மீன்கள் போன மாதம் ஒரே நாளில் எல்லாம் மிதந்தன. அன்றைக்கு நான் பெரிதாக எடுக்கவில்லை, இப்போது நித்திரை வரவில்லை. கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். மூன்று, தோட்டக்காரர்கள் கொடுத்துவிடுகிற கோவா, முந்திரிகைப்பழம் எல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

அவனைத் திட்டி எழுத வேண்டாம். இந்த வேலையால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

---

நீர்வேலிக்கமக்காரன்:

பிள்ளை, முதலில் திங்கட்கிழமை வேலையை நிற்பாட்டு. அந்தப் பந்தல்காரரிடம் நீயே போய்ச் சொல். தம்பி சொல்ல வெட்கப்படுவான். நானும் அப்படித்தான் வெட்கப்பட்டேன்.

எனக்கு இப்போது 61 வயது. 17 வயதில் அப்புவோடு மிளகாய்த் தோட்டத்தில் மருந்தடிக்கத் தொடங்கினேன். அப்போதெல்லாம் மொனோகுரோட்டபொஸ், எண்டோசல்பான் என்ற கடும் பூச்சிமருந்துகள்தான். கடைக்காரரும் "ஒண்டும் செய்யாது" என்பார், நாங்களும் அதையே சொல்லிக்கொண்டு வெறுங்காலோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவோம். வாளிக்குள் மருந்தை விட்டுக் கையாலேயே கலக்குவேன். அப்பு மட்டும் பூவரசந் தடி ஒன்றால் கலக்குவார். அந்தத் தடியையே பிறகு வேலியில் செருகி வைப்பார், அடுத்த முறைக்கு.

பிறகு 1995இல் மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடொபொஸ் இரண்டையும் நாட்டில் நிற்பாட்டினார்கள். அந்த வருடக் கடைசியில் நாங்கள் ஊரையே விட்டு வெளிக்கிட்டோம், அது வேறு கதை. 1998இல் எண்டோசல்பான் போனது. 2008இலிருந்து படிப்படியாகக் குறைத்து 2011இல் புல்லுக்கு அடிக்கிற பரகுவாட் போனது. எதற்காக நிற்பாட்டினார்கள் என்று எங்கள் தோட்டத்துக்கு வந்து சொன்னவர் எவரும் இல்லை. கடையில் கேட்டால் "அது இப்ப வாறேல்லை, இது அதைவிடத் திறம்" என்று வேறு போத்தல் தருவார்கள். மருந்து மாறியது, நாங்கள் அடிக்கிற விதம் மாறவில்லை. நாற்பது வருடத்துக்குப் பிறகும் உன் தம்பி நுனிப் பூட்டை வாயால் ஊதுகிறான் என்று வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. நானும் ஊதியிருக்கிறேன். நாக்கு நுனி விறைத்து, பின்னேரம் வரைக்கும் தேத்தண்ணி ருசி தெரியாது.

பூட்டு அடைத்தால் ஒரு பழைய பல்லுத்தேய்க்கிற பிரஷ், ஒரு வாளி நல்ல தண்ணீர், அவ்வளவுதான் வேண்டும். பிரஷை மெசின் பட்டியிலேயே கட்டி வைக்கச் சொல். வாசர் சைக்கிள் கடையிலும் வாங்கலாம், ஒரு டாங்கிக் காசுகூட வராது. ஒழுகுகிற மெசினை முதுகில் போடுவது நஞ்சில் நனைத்த துணியைப் போர்த்திக்கொண்டு திரிவதற்குச் சமம். வேர்வையோடு சேர்ந்தால் தோல் இன்னும் கெதியாக உறிஞ்சும். முன்கைத் தோலைவிட நெற்றியும் தொடையிடுக்கும் பல மடங்கு உறிஞ்சும் என்று வைத்தியர் ஒருவர் எனக்குச் சொன்ன பிறகுதான் சாரத்தோடு அடிப்பதை விட்டேன்.

முந்திரிகைப் பந்தல்தான் எல்லாவற்றிலும் மோசம். கோவா காலுக்குக் கீழே, பந்தல் தலைக்கு மேலே. அண்ணாந்து கொண்டு அடிக்க வேண்டும், அடித்தது அத்தனையும் திரும்ப முகத்தில்தான் சொட்டும். பூஞ்சணத்துக்குத் துருசும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற நாளில் என் மூக்குத் துவாரம் நீலமாக இருக்கும். இப்போது முகத்துக்குக் கண்ணாடித் தகடுபோல ஒரு மறைப்பு விற்கிறார்கள், கொரோனா நேரம் எல்லோரும் வாங்கினோமே, அதேதான். அகலக் கரைத் தொப்பிக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டுதான் பந்தலுக்குள் போகிறேன். துவாயை மூக்கில் கட்டுவது ஈரத்தைப் பிடித்து வைத்து மூச்சோடு உள்ளே இழுக்கத்தான் உதவும்.

காற்றையும் பார்க்க வேண்டும். சோளகம் வீசுகிற மாதங்களில் ஒன்பது மணிக்குப் பிறகு நான் மெசினைத் தொடுவதில்லை. விடியப்புறம் அடிப்பேன், அதுவும் காற்று ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகிற மாதிரி நடந்து. காற்றுக்கு முகம் கொடுத்து நடந்தால் அடிக்கிற பாதியை நாமே குடிக்கிறோம்.

கிணறு பற்றிக் கேட்டாய். எங்கள் செம்பாட்டு மண் பார்க்க ஆழமாகத் தெரியும், ஆனால் சில இடத்தில் ஐந்தாறு அடி கிண்டினால் கல். அதுவும் ஓட்டையும் வெடிப்புமான சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது வடிபடாமல் கீழே போய்விடும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, குடிக்கிறதும் இறைக்கிறதும் பெரும்பாலும் அதே நிலத்தடித் தண்ணீர்தான். உரத்தின் நைத்திரேற்று எங்கள் கிணறுகளில் ஏறியதும் இப்படித்தான். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய கிணறுகள் வலிகாமத்தில் நிறைய. உரம் போகிற வழியால் மருந்து போகாதா?

மெசினைத் தோட்டத்திலேயே கழுவச் சொல். தோட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீர் கொஞ்சம் டாங்கியில் விட்டு, குலுக்கி, அதையும் அதே பயிருக்கு மேலேயே அடித்துவிட வேண்டும். மூன்று முறை. வெறும் போத்தலையும் அப்படியே மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரை டாங்கிக்குள் விட்டு, போத்தலை ஆணியால் குத்தி ஓட்டையாக்கிவிட வேண்டும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் அப்படியான போத்தலில் மண்ணெண்ணெய் வாங்கி வைத்திருந்தார்கள், நான் கண்டு வாங்கி உடைத்தேன்.

---

புல்லுப்பிடுங்கிற_செல்வி:

நான் அச்சுவேலிப் பக்கம். மருந்தடிக்கிற ஆக்களைப் பற்றித்தான் எல்லோரும் கதைக்கிறார்கள். எங்களைப் பற்றி யாராவது எழுதுவார்களா என்று பார்த்தேன், அதனால் நானே எழுதுகிறேன்.

நாங்கள் ஆறு பெண்கள் வெங்காயத் தோட்டங்களுக்குப் புல்லுப் பிடுங்கப் போகிறோம். நேற்றுப் பின்னேரம் அங்கே மருந்து அடித்தார்களா இல்லையா என்று ஒருவரும் சொல்வதில்லை. விடியப் பனி ஈரத்தோடு இலை மினுங்கும். அது பனியா மருந்தா என்று கண்ணால் தெரியாது, கையை வைத்த பிறகுதான் தெரியும். விரல் இடுக்கு எரியும். அதே கையோடுதான் பத்து மணிக்கு ரொட்டி சாப்பிடுவோம், வெத்திலை போடுவோம். போன வருடம் எங்களில் ஒருத்தி மாசமாக இருந்தாள். ஏழாம் மாதம் வரைக்கும் வந்தாள்.

இப்போது எங்களுக்குள் ஒரு பேச்சு வைத்திருக்கிறோம். தோட்டக்காரர் கூப்பிட்டால் முதல் கேள்வி, "எப்ப அடிச்சனீங்கள், என்ன அடிச்சனீங்கள்?" அடித்த தறையின் வரம்பில் ஒரு தடியில் சிவப்புத் துணி கட்டச் சொல்கிறோம். இரண்டு பேர் கட்டுகிறார்கள். மற்றவர்களிடமும் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். வேலை முடிந்து போகும்போது கை கழுவச் சவர்க்காரம் நாங்களே கொண்டுபோகிறோம்.

அக்கா, உங்கள் தம்பி அடிக்கிற தோட்டங்களிலும் ஒரு துணி கட்டச் சொல்லுங்கள். அவனுக்குப் பின்னால் வருவது நாங்கள்தான்.

---

ஓய்வுபெற்றபோதனாசிரியர்:

முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தேன். கோப்பாய்அக்காவின் மூன்று கேள்விக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பிக்கு வந்தது ஒகனோபொஸ்பேற்று அல்லது காபமேற்று வகை மருந்தின் நஞ்சு என்றுதான் நீங்கள் எழுதிய அடையாளங்கள் சொல்கின்றன: எச்சில், வேர்வை, சுருங்கிய கண்மணி, தசைத் துடிப்பு. கோவாப் புழுவுக்கு அடிக்கிற புரொபெனோபொஸ் அந்த வகைதான். நரம்பு தசைக்கும் சுரப்பிக்கும் "வேலை செய்" என்று சொல்ல அசற்றைல்கோலின் என்ற பொருளைச் சுரக்கிறது. வேலை முடிந்ததும் அதை உடைத்து நிற்பாட்ட ஒரு நொதியம் இருக்கிறது. மருந்து அந்த நொதியத்தைப் பிடித்துக் கட்டிவிடும். நிற்பாட்ட ஆளில்லாமல் எச்சில் ஊறும், வேர்க்கும், தசை துடிக்கும். கடைசியில் மூச்சுத் தசை களைத்துப்போவதுதான் ஆபத்து. வைத்தியசாலையில் ஏற்றியது இதை முறிக்கிற அத்ரோப்பீனாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். ஒகனோபொஸ்பேற்று கட்டிப்போட்ட நொதியத்துக்குப் பதிலாக உடம்பு புதிதாகச் செய்ய வாரக்கணக்கு எடுக்கும். ஆள் எழும்பி நடப்பதால் அது திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. குறைந்த கையிருப்போடு திரும்பவும் அடிக்கப் போனால், முன்பு ஒன்றும் செய்யாத அளவே இப்போது விழுத்திவிடும். அடிக்கடி அடிக்கிறவர்கள் பருவக் கடைசியில் மயங்கி விழுவதை நான் கண்டிருக்கிறேன். அன்றைக்கு அடித்தது அவர்களுக்குப் பழகிய அளவுதான், உடம்பில்தான் மிச்சம் இருக்கவில்லை. அதனால் திங்கட்கிழமை வேண்டாம். வாட்டில் பார்த்த வைத்தியரிடம் திரும்பப் போய், அந்த நொதியம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற கொலினெஸ்தரேசு இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். எப்போது போகலாம் என்று அவரே சொல்லட்டும். அடித்த போத்தலை, குறைந்தது அதன் லேபிளைப் படமெடுத்தாவது, கொண்டுபோங்கள்.

லேபிளில் ஒரு நிறப்பட்டி இருக்கும். சிவப்பு மிகக் கடுமை, அதற்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்பதல்ல, உடனடி நஞ்சு குறைவு என்பது மட்டும்தான். தமிழிலும் எழுதியிருக்க வேண்டும். 2021இல் உரமும் மருந்தும் இறக்குமதிக்குத் தடை வந்த நேரம், லேபிள் உரித்த போத்தல்களும் வேறு நாட்டு எழுத்துள்ள போத்தல்களும் தோட்டங்களில் திரிந்தன. என்ன இருக்கிறது என்று தெரியாத போத்தலைத் தம்பி திறக்கவே கூடாது. வைத்தியருக்கும் எதை முறிப்பது என்று தெரியாமல் போகும்.

இன்னொன்று, கலவை. புழுவுக்கு ஒன்று, பூஞ்சணத்துக்கு ஒன்று, "பவருக்கு" இன்னொன்று என்று மூன்று போத்தலை ஒரே டாங்கியில் விடுகிறார்கள். அளவு மூடிக் கணக்கு, மனம் கேட்காவிட்டால் ஒரு மூடி கூட. 16 லீற்றர் டாங்கிக்கு எத்தனை மில்லிலீற்றர் என்பது லேபிளில் இருக்கிறது. ஊசி போடுகிற பெரிய சிரிஞ்ச் ஒன்றை இதற்கென்று வைத்து அளக்கலாம். கூட விடுவதால் புழு கூடச் சாவதில்லை. தப்பிய புழுவின் அடுத்த தலைமுறை அந்த மருந்தைத் தாங்கிவிடுகிறது. கோவாவில் வருகிற வைரமுதுகு அந்தின் புழு இதற்குப் பேர்போனது.

கப்பி மீன்: பைரத்திரொயிட் என்ற வகை மருந்துகள் மனிதருக்கு ஒப்பீட்டளவில் குறைந்த நஞ்சு, மீனுக்கோ துளியே போதும். தொட்டியருகே மெசின் கழுவி மீன் செத்தால் நான் முதலில் அதைத்தான் சந்தேகிப்பேன். நீங்களும் செத்துவிடுவீர்கள் என்று பயப்பட வேண்டியதில்லை, ஆனால் கழுவிய தண்ணீர் தொட்டிக்குள் போயிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. தொட்டியை இறைத்துக் கழுவுங்கள், கிணற்றடியில் கழுவுவதை இன்றோடு நிற்பாட்டுங்கள். குடிக்க ஒரு மாதத்துக்காவது குழாய்த் தண்ணீரோ கோயில் கிணற்றுத் தண்ணீரோ எடுக்க முடிந்தால் நல்லது. கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், இது போகாது.

உடுப்பைத் தனி வாளியில், கையுறை போட்டு, நிறையச் சவர்க்காரத்தோடு, வேறு எதுவும் சேர்க்காமல் தோய்க்க வேண்டும். முதலில் தண்ணீரில் அலசிவிட்டுப் பிறகு ஊறப்போடுங்கள். வெயிலில் காயவிடுங்கள். தம்பி வீட்டுக்குள் வர முதல் வெளியிலேயே உடுப்பைக் கழற்றி, தலையிலிருந்து சவர்க்காரம் போட்டுக் குளிக்க வேண்டும். பிள்ளைகளைத் தூக்குவது அதற்குப் பிறகு.

சாப்பாடு. அடித்து எத்தனை நாள் கழித்து வெட்டலாம் என்பதும் லேபிளில் இருக்கிறது. மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் மாறும், ஏழு நாள், பதினான்கு நாள் என்று. கோவா விலை ஏறினால் மூன்றாம் நாளே வெட்டி ஏற்றிவிடுகிறார்கள். அவர்களை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியாது. ஓட்டை விழுந்த இலையோடு ஒரு கோவாவைச் சந்தையில் வைத்தால் பாதி விலைக்கும் போகாது. வாங்குகிற நாங்கள் கேட்கிற மினுக்கம்தான் கடைசி டாங்கியை அடிக்க வைக்கிறது.

தம்பிக்கு எந்தத் தோட்டத்தில் என்றைக்கு அடித்தான் என்று தெரியும். அதனால் உங்கள் வீட்டுக்கு வருகிற கோவாவைப் பற்றி முடிவெடுக்க உங்களுக்கு மற்ற எவரையும்விட நல்ல வசதி. நாள் முடியாத தோட்டத்துக் கோவா வேண்டாம். மற்றதற்கு வெளி இலை மூன்று நாலை எறிந்து, ஓடுகிற தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள். வெளியில் படிந்தது பெரும்பாலும் போகும். செடி வேராலும் இலையாலும் உறிஞ்சிக்கொள்கிற வகை மருந்து உள்ளே இருக்கும். அதை உப்புத் தண்ணீரும் எடுக்காது, மஞ்சள் தண்ணீரும் எடுக்காது, நாள்தான் எடுக்கும். முந்திரிகைப்பழத்தின் மேலே தெரிகிற மெல்லிய வெள்ளைப் பூச்சு முழுவதும் மருந்தல்ல, பழத்தின் சொந்த மெழுகு அது. நீலமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் துருசு. சாப்பிடும் நேரத்தில் குலையை உதிர்த்துக் கழுவிக் கொடுங்கள்.

பயிர்ச் சந்தேகங்களுக்கு 1920க்கு எடுத்தால் விவசாயத் திணைக்களத்தில் தமிழிலேயே கேட்கலாம்.

---

கோப்பாய்அக்கா:

எல்லோருக்கும் நன்றி. இதை எழுத ஐந்து நாள் எடுத்துவிட்டது.

நீர்வேலி ஐயா சொன்னபடி பந்தல்காரரிடம் நானே போனேன். முதலில் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தம்பி வாட்டில் படுத்திருந்த படத்தைக் காட்டினேன். பிறகு அவருடைய மனைவி வந்து, "எங்கடை பிள்ளையளும் அந்தப் பந்தலுக்குக் கீழதானே விளையாடுதுகள்" என்றார். அதற்குப் பிறகுதான் அவர் இருக்கச் சொன்னார். வேறு ஆளைப் பிடிப்பதாகச் சொன்னார். அந்த வேறு ஆளும் யாரோ ஒருத்தியின் தம்பி என்பது திரும்பி வருகிற வழியெல்லாம் மனதில் கிடந்தது. அதனால் அடுத்த நாள் திரும்பவும் போய், வாசரும் பல்லுப் பிரஷும் கொடுத்து, யார் வந்தாலும் இவற்றைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தம்பி இரத்தம் கொடுத்திருக்கிறான். முடிவு வரும் வரைக்கும் மருந்தடிக்க வேண்டாம் என்று வைத்தியர் சொன்னார். இப்போதைக்கு ஒரு வாழைத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறப் போகிறான். காசு பாதிதான். செல்வி தங்கச்சி எழுதியதை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு என்னுடைய பழைய சிவப்புச் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி, கீலம் கீலமாகக் கிழித்து மெசின் பெட்டிக்குள் வைத்திருக்கிறான்.

தொட்டியை இறைத்துக் கழுவினோம். கையுறைதான் சரிவரவில்லை. கடையில் இருந்தது ஆஸ்பத்திரியில் போடுகிற மெல்லிய வெள்ளை உறை, இரண்டாம் நாளே கிழிந்துவிட்டது. முழங்கை வரைக்கும் வருகிற தடிப்பான உறை எங்கே எடுக்கலாம்?

---

நீர்வேலிக்கமக்காரன்:

அந்த வெள்ளை உறை வேண்டாம் பிள்ளை, மருந்து அதற்குள்ளால் ஊறும். நைத்திரில் என்று கேள், பெரும்பாலும் பச்சை நிறம், உள்ளே துணி ஒட்டாதது. என்னிடம் இரண்டு சோடி புதிது இருக்கிறது, மகன் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. ஒன்றை வந்து எடு. தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. உறையின் வாயை ஒரு முறை மடித்துவிட வேண்டும், பந்தலில் கை தூக்கி அடிக்கும்போது ஒழுகுவது மடிப்பில் நிற்கும், இல்லாவிட்டால் முழங்கைக்குள் ஓடும். அதைக் காட்டித்தான் விட வேண்டும், எழுதி விளங்காது.